மாமாவின் "சரி." கோபமாக இருக்காது, தங்கச்சி

வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வர முடியாது என்று நீங்கள் அனுப்ப, முள்ளியவளை மாமா "சரி." என்று மட்டும் பதில் போட்டிருக்கிறார். அந்தப் புள்ளியைப் பார்த்து இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் பயம் வெறும் கற்பனையல்ல. 2015இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல் பதில் புள்ளியோடு முடிந்தால், அது அவ்வளவு மனப்பூர்வமானதல்ல என்றே அவர்களுக்குத் தோன்றியது. அதே பதில் கைப்பட எழுதிய துண்டில் இருந்தபோது அந்த வேறுபாடு இல்லை. ஆனால் மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர் என்கிறீர்களே! பிள்ளைகளின் கொப்பிகளில் விடுபட்ட புள்ளிகளுக்கெல்லாம் சிவப்பு மை போட்ட கை அது; தொலைபேசியிலும் அப்படியே எழுதுகிறது. அவருடைய பழைய செய்திகளைப் பாருங்கள். "சாப்பிட்டாயா." என்பதற்கும் புள்ளி வைத்திருப்பார்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் திருப்பி அனுப்பிய "என்ன மாமா???" என்ற வரிதான். நமக்கு அது பதற்றம்; பெரியவர்களுக்கு அதட்டல். கேள்விக்குறி ஒன்று போதும், அதுவும் மூத்தவர்களிடம்.

இனி வட்ஸ்அப்பில் விளக்கம் எழுத வேண்டாம். இன்று பின்னேரம் அழைத்து, பொங்கல் எப்படி நடந்தது என்று முதலில் கேளுங்கள். வர முடியாத காரணத்தைப் பிறகு சொல்லலாம்.