கீழமை நீதிபதி மீது புகார்: ஓய்வுபெற்ற சிரஸ்தார் பதில்கள்

சிரஸ்தார் என்றால் நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை ஊழியர். மாவட்ட நீதிமன்றத்தில் தபால் பிரித்தே பாதி சர்வீஸைக் கழித்தவன் நான். தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

விழுப்புரம் வாசகர்: முன்சீப் எங்கள் பத்திரத்தைச் சரியாகப் பார்க்காமல் தீர்ப்பு எழுதிவிட்டார். யாரிடம் புகார் செய்வது?

புகார் வேண்டாம், அப்பீல் போடுங்கள். தீர்ப்பு தப்பு என்பது வேறு, நீதிபதி தப்பானவர் என்பது வேறு. தப்பான உத்தரவு போட்டார் என்பதற்காக மட்டும் கீழமை நீதிபதி மீது நடவடிக்கை கூடாது என்று 2019இல் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முன்சீப் தீர்ப்புக்கு அப்பீல் கெடு 30 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆன நாளைக் கழிப்பார்கள். புகார் எழுதிய நாளைக் கழிக்க மாட்டார்கள். இன்றே நகல் மனு போடுங்கள்.

தேனி வாசகி: எதிர்தரப்பு வக்கீல் நீதிபதியின் தனி அறைக்குள் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தார். அப்புறம் கோர்ட்டிலேயே நீதிபதி என்னைச் சாதி சொல்லித் திட்டினார். கலெக்டரிடம் மனு கொடுத்தேன், பதிலே இல்லை.

அம்மா, பதில் வராது. அரசியல் சாசனம் 235ஆம் பிரிவுப்படி கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. கலெக்டருக்கோ முதல்வரின் தனிப்பிரிவுக்கோ இதில் அதிகாரம் கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் மீதான புகாரைக் கவனிக்கும் விஜிலென்ஸ் பதிவாளருக்கு எழுதுங்கள்.

வெறும் மனுவாக அனுப்பினால் கோப்பில் போட்டு மூடிவிடுவார்கள். 2014இல் இந்தியத் தலைமை நீதிபதி எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் எழுதிய கடிதப்படி, கூடவே பிரமாணப் பத்திரமும் (சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம்) சரிபார்க்கக்கூடிய ஆதாரமும் இருக்க வேண்டும்.

நான் பிரித்த மனுக்களில் பாதி பன்னிரண்டு பக்கத்துக்கு 'அநியாயம், அக்கிரமம்' என்றே ஓடும். தேதி ஒன்றுகூட இருக்காது. உங்களுடையது ஒன்றரைப் பக்கம் போதும்: வழக்கு எண், வாய்தா தேதி, காலையா மதியமா, அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அப்போது பக்கத்தில் நின்றவர் யார்.

உயர் நீதிமன்றத்துக்கு நல்லெண்ணத்தோடு எழுதும் புகார் அவமதிப்பு ஆகாது. 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. அதையே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கவரில் போடுங்கள், போனில் போடாதீர்கள்.

சேலம் வாசகர்: இந்த நீதிபதியிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. வழக்கை மாற்ற முடியுமா?

சிவில் வழக்கென்றால் மாவட்ட நீதிபதியிடம் சிவில் நடைமுறைச் சட்டம் 24ஆம் பிரிவில் மனு போடலாம். காரணம் வலுவாக இருக்க வேண்டும்.

கடலூர் வாசகர்: பெஞ்ச் கிளார்க் பணம் கேட்கிறார்.

லஞ்ச ஒழிப்புத் துறை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், கொடுக்கும் முன்பே போங்கள்.

திருச்சி வாசகர்: தீர்ப்பு முழுக்கத் தப்பு...

விழுப்புரத்துக்காரருக்குச் சொன்னதுதான். 30 நாள்.

கோவை வழக்கறிஞர்: பிரமாணப் பத்திரம் கேட்பதே ஏழைகளை விரட்டத்தான் ஐயா. அதே கோர்ட்டில் வழக்கு நடக்கும்போது எவன் கையெழுத்துப் போடுவான்? நானே சாட்சிக்கு வர மாட்டேன். மறுநாள் அவர் முன்னால்தானே நிற்க வேண்டும்!

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஒருமுறை கையெழுத்தில்லாத போஸ்ட் கார்டு ஒன்று வந்தது. நாலே வரி, எந்தெந்த மாலை, யார் வீட்டு வாசலில் எந்தக் கார் நின்றது என்று எழுதியிருந்தது. பின்னால் அதெல்லாம் சரி என்று தெரிந்தது. இன்றைய விதிப்படி அந்தக் கார்டு குப்பைக்குத்தான்.

ஆனால் மறுபக்கத்தையும் பார்த்தவன் நான். ஜாமீன் கொடுக்க மறுத்த ஒரு மாஜிஸ்திரேட் மீது ஒரே வாரத்தில் ஒன்பது மொட்டைக் கடிதம். ஒன்பதிலும் ஒரே எழுத்துப்பிழை! அற்பப் புகார்களிலிருந்து நேர்மையான அதிகாரியைக் காப்பது உயர் நீதிமன்றத்தின் கடமை என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது சும்மா இல்லை.

அதே வழக்கறிஞர்: அப்போ பயந்தவனுக்கு வழி?

முதலில் வழக்கை மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு புகார் கொடுங்கள். வரிசை முக்கியம். சாட்சிக்கு வர மாட்டேன் என்கிற வக்கீல் பிரமாணப் பத்திரத்தைக் குறை சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை, தம்பி.

அரியலூர் வாசகர்: எங்கள் தாசில்தார் பட்டா விசாரணையில்...

தாசில்தார் நீதிபதி இல்லை. நீங்கள்தான் கலெக்டரிடம் போக வேண்டியவர்.

நாகை வாசகர்: என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பணம் வாங்கித்தான் தீர்ப்பு சொன்னார் என்று ஊரே சொல்கிறது.

ஊரில் ஒருவரையாவது பிரமாணப் பத்திரம் போடச் சொல்லுங்கள், பார்ப்போம். அது கிடக்கட்டும், தீர்ப்பு வந்து எத்தனை நாள் ஆச்சு?