விண்வெளிக் கதைகளில் மூழ்கியிருக்கும் மகளுக்கு எந்தப் படிப்பு?

மதிப்பிற்குரிய அம்மா,

பதினேழு வயதில் உங்கள் மகள் பாடநூலைத் தள்ளிவைத்துவிட்டு அறிவியல் புனைகதைகளையே படிக்கிறாள், செவ்வாய்க்குப் போகும் கலங்களை வடிவமைக்கப் போவதாகச் சொல்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கதைகளை அவளிடமிருந்து பிடுங்கிவிட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள்.

ராக்கெட் முன்னோடியான அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் கோடார்டுக்குச் செவ்வாய்க்குப் போகும் கனவு பிறந்தது 1899இல். அப்போது அவருக்கும் வயது பதினேழுதான். விண்வெளிக் கதை ஒன்றைப் படித்துவிட்டு, மரமேறிக் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் உதித்ததாக அவரே எழுதியிருக்கிறார். உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை அவர் பறக்கவிட்டது 1926 மார்ச்சில். அது இரண்டரை நொடி பறந்து, சுமார் 12 மீட்டர் உயரமே எழும்பியது. கனவுக்கும் அந்த 12 மீட்டருக்கும் நடுவே இயற்பியலில் முனைவர் பட்டமும், கல்லூரி ஆசிரியர் பணியும், பல ஆண்டு ஆய்வகச் சோதனைகளும் இருந்தன. உங்கள் மகளிடம் கனவு இருக்கிறது. இடையில் உள்ள அந்த உழைப்பைத்தான் நாம் அவளுக்குக் காட்ட வேண்டும்.

அதற்கு அவள் படிக்கும் கதைகளே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜூல் வெர்ன் எழுதிய நிலவுப் பயணக் கதையில், ஏறத்தாழ 270 மீட்டர் நீளமுள்ள பீரங்கியிலிருந்து மனிதர்களைக் குண்டுக்குள் வைத்துச் சுடுகிறார்கள். நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தை அந்த நீளத்துக்குள் எட்ட வேண்டுமானால் முடுக்கம் எவ்வளவு என்று அவளையே கணக்கிடச் சொல்லுங்கள். வேகத்தின் வர்க்கத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் போதும்; மேல்நிலைப் பள்ளி இயற்பியல்தான். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இருபதாயிரம் மடங்குக்கும் அதிகமாக விடை வரும். பயணிகள் பீரங்கிக் குழாயைத் தாண்டும் முன்பே உயிரிழந்திருப்பார்கள். பீரங்கி ஏன் உதவாது, சிறிது சிறிதாக வேகம் கூட்டும் ராக்கெட் ஏன் தேவை என்பது அந்த ஒரு கணக்கிலேயே அவளுக்கு விளங்கிவிடும்.

இப்படிப் படிக்கும்போது எந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கவனியுங்கள்; படிப்பைத் தேர்ந்தெடுக்க மதிப்பெண்ணைவிட அதையே நான் பெரிதும் நம்புகிறேன். எடையற்ற நிலையில் வீரர்களின் இடுப்பெலும்பு போன்ற பகுதிகள் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் அடர்த்தி இழக்கின்றன. செவ்வாய்க்குப் போய்ச் சேரவே ஆறேழு மாதங்கள் பிடிக்கும். இது அவளை உறுத்தினால் மருத்துவமோ உடலியலோ பொருந்தும். செவ்வாயிலிருந்து வானொலிச் சமிக்ஞை பூமியை எட்ட, கோள்களின் இருப்பிடத்தைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும் என்பதால் தரையிறங்கும் கலம் தானே முடிவெடுத்தாக வேண்டும். அது ஈர்த்தால் கணினி அறிவியலும் கட்டுப்பாட்டுப் பொறியியலும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் ஆகியவற்றிலிருந்து 98 சதவீத நீரை மீட்டுவிட்டதாக 2023இல் நாசா அறிவித்தது. அதன் பின்னணியில் வேதிப் பொறியியல் இருக்கிறது. நிலவில் எடுக்கும் கனிமம் யாருக்குச் சொந்தம் என்று வாதிடுபவளாக இருந்தால், 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தத்தில் தொடங்கிச் சட்டம் படிக்கலாம்.

விண்வெளி வீரராவதை மட்டுமே இலக்காகக் கொள்வதை நான் ஊக்குவிப்பதில்லை. நாசா 2021இல் அறிவித்த பயிற்சிக் குழுவுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். தேர்வானவர்கள் பத்துப் பேர். ஆனால் அந்தப் பத்துப் பேரும் அதற்கு முன்பே விமானி, மருத்துவர், பொறியாளர், ஆய்வாளர் என்று தத்தம் துறையில் வேரூன்றியவர்கள் என்பதை மகளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பொறியியல்தான் என்று முடிவானால், இளநிலையிலேயே விண்வெளிப் பொறியியலுக்குள் நுழைந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இயந்திரவியல், மின்னணுவியல், பொருள் அறிவியல் போன்ற அகன்ற துறை ஒன்றில் அடித்தளம் போட்டுக்கொண்டு முதுநிலையில் விண்வெளிக்குத் திரும்புவதையே நான் பரிந்துரைப்பேன். மனம் மாறினாலும், விண்வெளித் துறையில் ஆள்சேர்ப்பு மந்தமானாலும் அவளுக்கு வேலை இருக்கும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையில் உள்ள பாடப்பிரிவைப் பார்க்காமல், மாணவர்கள் தங்கள் கையால் எதையாவது கட்டிச் சோதிக்க ஆய்வகம் திறந்திருக்கிறதா என்று அங்கே படிப்பவர்களிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.