கதை டிராஃப்ட்ட குழுவுல போட்டா குறை மட்டும்தான் சொல்றாங்க, என்ன பண்றது?

இந்தக் கேள்விய தாண்டிப் போயிரலாம்னுதான் நெனச்சேன், முடியல. "ஆன்லைன் குழுவுல டிராஃப்ட் போட்டேன், குறை மட்டுமே சொல்றாங்க, எழுதறதையே விட்டுரலாமான்னு இருக்கு"ன்னு கேட்டிருக்கீங்க. அனேகமா முதல் கதையா இருக்கும். ராத்திரி போட்டுட்டு யாராவது படிச்சாங்களான்னு ரெண்டு மணி வரைக்கும் போன நோண்டிகிட்டே படுத்திருப்பீங்க. நானும் அப்படி படுத்தவன்தான். நான் பெரிய எழுத்தாளன் எல்லாம் இல்ல, மலேசியாவுல சுங்கை சிப்புட்ல லாரி சாமான் கடையில கணக்கு எழுதறேன், "நீ யாரு இதெல்லாம் சொல்ல"ன்னு கேக்கறவங்க இங்கயே நிறுத்திக்கலாம்.

எங்க வாட்ஸ்அப் குழுவுல 40 பேர் சொச்சம். பாதிக்கு மேல தமிழ்நாடு, மிச்சம் நாங்க, சிங்கப்பூர்ல நாலஞ்சு பேர். கதைய கூகுள் டாக்ஸ்ல ஏத்தி லிங்க் போடணும், மத்தவங்க ஓரத்துல கமெண்ட் எழுதுவாங்க. நான் போட்டது எங்க பாட்டி கதை. அவசர காலத்துல ரப்பர் தோட்டத்து அரிசி காட்டுல இருக்கற கம்யூனிஸ்ட்டுங்களுக்குப் போயிரக் கூடாதுன்னு வேலைக்குப் போறவங்கள கேட்டுல நிறுத்தி சோதனை போடுவாங்க, தூக்குச்சட்டிய கூட தொறந்து காட்டணும். பாட்டி சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம்.

முதல் கமெண்ட் ஒரு மதுரைக்காரர். "எமர்ஜென்சி 1975ல தானே வந்துச்சு? 1948னு போட்டிருக்கீங்க, சரிபாருங்க." எனக்கு சுர்ருன்னு ஏறிச்சு. யோவ், அது உங்க ஊர் எமர்ஜென்சி! எங்க அவசர காலம் ஆரம்பிச்சதே எங்க ஊர்லதான், 1948 ஜூன் 16ல சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டங்கள்ல மூணு வெள்ளைக்கார துரைங்கள சுட்டுட்டாங்க, அதோட போட்ட சட்டம் 1960 வரைக்கும் ஓடுச்சு. அடுத்தவரு, "தண்டல்னா வட்டிக் காசு வசூல்தானே, அவரு எதுக்கு விடியக்காலைல பேர் கூப்பிடறாரு?"ன்னு கேட்டாரு. எங்களுக்கு தண்டல்னா கங்காணி மாதிரி, ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பறவரு. இன்னொருத்தர் பெரட்டு (காலைல ஆள் கணக்கெடுக்கறது), மங்கு (ரப்பர் பால் பிடிக்கற கிண்ணம்), நிரை (மர வரிசை) எல்லாத்தையும் மஞ்சள் அடிச்சு "நல்ல தமிழில் மாற்றவும்"னு போட்டிருந்தாரு. அப்ப எங்க பாட்டி பேசினது என்ன கெட்ட தமிழா?

உக்காந்து நாலு ஸ்க்ரீன் நீளத்துக்கு பதில் எழுதினேன் பாருங்க, அந்தக் கதைய விட அதுதான் நல்லா வந்திருந்துச்சு. (தமிழ்நாட்டுக்காரங்கள மட்டம் தட்டறேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, அந்த மதுரைக்காரர் இப்ப எனக்கு நல்ல சிநேகிதர்.)

மறுநாள் கூலிம்ல இருக்கற ஒரு அக்கா தனியா மெசேஜ் பண்ணாங்க. "கோவம் ஆறிடுச்சா தம்பி? நான் மூணாவது பக்கத்துல நிறுத்திட்டேன். துரைய சுட்டாங்க, சட்டம் வந்துச்சு, பட்டாளம் வந்துச்சு, எல்லாம் சரி, பாட்டி எப்பப்பா வருவாங்க?"

போய்ப் பாத்தா பாட்டி நாலாவது பக்கத்துலதான் வர்ராங்க. எங்க ஊர் பெருமைய பேச ஆரம்பிச்சு நான் பாட்டிய கேட்டுலயே நிக்க வச்சிருந்திருக்கேன். தேதி தப்புன்னு மதுரைக்காரர் சொன்னது தப்புதான், ஆனா அந்த எடத்துல அவருக்கு தடுக்கிச்சுங்கறது உண்மைதானே? அவரு ஒழுங்கா படிச்சதாலதான் தடுக்கிச்சு. மூணு பக்கத்தையும் தூக்கிட்டு, "துரைங்கள சுட்ட மறுவருசம்"னு ஒரு வரில முடிச்சேன். தண்டல்ங்கற வார்த்தைய மாத்தல, மாத்தவும் மாட்டேன், ஆனா அவரு பெரட்டுக் களத்துல விளக்கு வெளிச்சத்துல நோட்டப் பாத்து பேர் கூப்பிடறத காட்டினேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் வட்டியப் பத்தி கேக்கல.

குறை சொல்றாங்கன்னு வருத்தப்படறீங்களே, எங்க ஊர் புத்தக வெளியீட்டுக்கு வந்து பாருங்க. மாலை, பொன்னாடை, முதல் நூல் வாங்க டத்தோ பட்டம் வாங்கின ஒரு பெரிய மனுசன், அவரு கைல ஒரு கவர், மூணு மணி நேரம் பேச்சு. மேடைல இருக்கறதுல ஒருத்தர் கூட ஒரு பக்கம் பிரிச்சிருக்க மாட்டாரு. கடைசில மீஹூன் (அரிசி சேமியா) சாப்டு கலைஞ்சு போவாங்க. இத்தனைக்கும் 1950லயே தமிழ் நேசன்ல சுப.நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தி எழுத சொல்லிக் குடுத்த நாடு இது. அந்தப் பேப்பரே 2019ல நின்னு போச்சு. இப்ப எத போட்டாலும் "அருமை"ன்னு ஒரு கைதட்டற பொம்மை. நாலு குறை வந்திருக்குன்னா நாலு பேர் படிச்சிருக்காங்கல்ல, அத முதல்ல எண்ணுங்க.

மத்தவங்களுக்கு எப்படி சொல்றதுன்னும் கேட்டிருந்தீங்க. அதுல நான் சொல்ற தகுதி இல்லாதவன்.

கோயம்புத்தூர் பொண்ணு ஒண்ணு ரப்பர் தோட்டத்த வச்சு ஒரு கதை போட்டுச்சு. அதுல அம்மாக்காரி உச்சி வெயில்ல மரம் சீவறா, பால் கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. நான் சும்மா இருப்பேனா? எங்கம்மா 22 வருசம் மரம் சீவினவங்க. "உச்சி வெயில்ல யாரும்மா சீவுவா, விடியறப்பவே நிரைல நிக்கணும், வெயில் ஏற ஏற பால் இறங்காது"ன்னு ஆரம்பிச்சேன். உளி ஆழமா போயி மரத்துல பட்டா காயம், அந்த எடத்துல பட்டை முண்டு முண்டா வளரும், திரும்ப சீவ வராது, தண்டல்கிட்ட பேச்சு வாங்கணும்னு விடாம எழுதினேன். (இத விமர்சனத்துக்கு உவமையா சொல்ல வர்ரேன்னு நெனைக்காதீங்க, எங்க குழுவுல மூணு பேர் ஏற்கனவே சொல்லியாச்சு.) மொத்தம் 17 கமெண்ட், 17ம் சரி, இன்னிக்கும் சொல்வேன். ஆனா அந்தக் கதைல பொம்பளப் புள்ள ஒண்ணு பால் வாளிய ரெண்டு கையாலயும் தூக்கி, மூணு அடிக்கு ஒருக்கா கீழ வச்சு வச்சு அம்மா பின்னாடியே போகும். அத படிச்சப்ப எனக்கு என் அக்கா ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் போன கீழ வச்சிட்டேன். அத நான் எழுதல. தோணவே இல்ல, தப்பு புடிக்கற வேகத்துல அது ஒரு கமெண்ட்டுன்னே படல.

மறுநாள் அந்தப் பொண்ணு குழுவ விட்டுப் போயிருச்சு. என்னாலதான்னு யாரும் சொல்லல, வேற காரணம் கூட இருக்கலாம், பரீட்சை கிரீட்சைன்னு. போன மாசம் அந்த வாளியப் பத்தி ரெண்டு வரி தனியா எழுதி அனுப்பினேன். நீலக் குறி விழுந்துச்சு, பதில் இன்னும் வரல.