ரொறொன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்?

தம்பி, செப்டெம்பரில படிக்க வாறீர் எண்டும், யாழ்ப்பாணத்திலயிருந்து ரொறொன்ரோ எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம், அறை வாடகை, குளிர் எப்படி எண்டும் கேட்டிருக்கிறீர். வாடகை வந்து பாக்கிற விஷயம். குளிர் எங்கட சனத்துக்கு எப்பவோ பழகிற்றுது.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலயிருந்து நேர்கோட்டில 14,000 கிலோமீற்றர் மட்டில. நேரடி விமானம் இல்லை. டுபாயால வந்தா முதல் 5 மணித்தியாலத்துக்குக் கிட்ட, பிறகு 14. லண்டனால 11, பிறகு 8. எதால வந்தாலும் பறக்கிறது 19 மட்டிலதான், கூடிக்குறையிறது ட்ரான்சிற்றிலதான்.

ரிக்கெட்டில போட்டிருக்கிறது அந்தந்த ஊர் நேரம். விடிய 4க்கு ஏறி பின்னேரம் 4க்கு இறங்கிறமாதிரி, 12 மணித்தியாலமெண்டு தெரியும். செப்டெம்பரில ரெண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் ஒன்பதரை, அதையும் கூட்டும்: இருபத்தொண்டரை. அதோட யாழ்ப்பாணத்திலயிருந்து இரவு பஸ் 7, 8 மணித்தியாலம், மூண்டு மணித்தியாலம் முந்திப் போய் நிக்கிறது. புத்தளம் வழி பஸ் நீர்கொழும்புப் பக்கத்தால வரும், கொழும்புக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை. 2006இல ஏ9 றோட்டு பூட்டினாப் பிறகு பாஸ் எடுத்து, கப்பலுக்குக் காத்திருந்து திருகோணமலையால போன சனத்துக்கு இந்த பஸ் ஒரு பயணமே இல்லை.

இனித்தான் முக்கியமானது. மலிவு எண்டு ரெண்டு தனித்தனி ரிக்கெட் எடுக்காதையும். முதல் பிளேன் பிந்தினா ரெண்டாவது ரிக்கெட் போச்சு, ஒருத்தரும் பொறுப்பில்லை. நடுவில இறங்கிப் பெட்டி எடுக்கோணும், அதுக்கு அந்த நாட்டு விசா வேணும். பலாலி விமான நிலையத்தால சென்னைக்குப் பறந்து அங்கயிருந்து மாறுற யோசனையும் இப்படித்தான்: இந்திய விசா இல்லாட்டி மாட்டுப்படுவீர், அந்தச் சின்னப் பிளேனுக்குக் கனடாப் பெட்டி நிறை பொருந்தாது. இங்க கொஞ்சப்பேர் காசு மிச்சம் பிடிச்ச கதையைக் கலியாண வீடெல்லாம் சொல்லுவினம். தவறவிட்ட பிளேனைப் பற்றி மூச்சும் விடமாட்டினம்.

முழுப் பயணமும் ஒரே புக்கிங் நம்பரில இருக்கோணும். கவுண்டரில பெட்டியில கட்டுற பட்டியை வாசியும்: கடைசி இடம் 'வை வை செட்' (YYZ) எண்டு இருந்தாத்தான் ரொறொன்ரோ. நடு ஊரின்ர குறி இருந்தா அங்கேயே நிண்டு கேளும், பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

பிராங்பேட், பாரிஸ் வழியா எண்டா இலங்கைப் பாஸ்போட்டுக்கு ட்ரான்சிற் விசா கேப்பினம். செல்லுபடியான கனடா விசா இருந்தா தேவையில்லை.  படிப்பு அனுமதி எண்டது வேற, அது விசா இல்லை.

படிப்பு அனுமதி அச்சடிச்சுத் தாறது இங்க விமான நிலையத்தில. அனுமதிக் கடிதம், கல்லூரிக் கடிதம், காசுக் கணக்கு எல்லாம் கைப்பையில வையும், பெட்டிக்குள்ள வேண்டாம். செப்டெம்பருக்கு முந்தி அந்த வரிசை மணிக்கணக்கா நீளும். வேற மாகாணத்துக்குப் பிளேன் மாறுறீர் எண்டா பெட்டியை இங்க எடுத்துத் திரும்பக் குடுக்கோணுமோ எண்டு கவுண்டரில கேளும், நாலு மணித்தியாலமாவது இடைவெளி விடும்.

அம்மா கட்டித் தாற மிளகாய்த்தூளையும் கருவாட்டையும் கஸ்ரம்ஸில கேக்கிற இடத்தில ஒளிக்காமல் சொல்லும். இறைச்சி வேண்டாம்.