ஹுவா ஹின்னில் வீடு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. வங்கி வேலையிலிருந்து 2023-ல் ஓய்வு பெற்றேன். வேளச்சேரியில் தரைத்தளத்தில் சொந்த பிளாட். 2015-லும் 2023-லும் தண்ணீர் உள்ளே வந்து கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் போயிற்று. பாங்காக்கில் வேலை பார்க்கும் மகன் போன வருடம் எங்களை ஹுவா ஹின் என்ற கடற்கரை ஊருக்கு அழைத்துப் போனான். இனி வருடாவருடம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கேயே இருந்துவிடலாம் என்று எனக்கும் மனைவிக்கும் ஆசை. தாய்லாந்துப் பணத்தில் 18 லட்சம் பாத்துக்கு, அதாவது சுமார் 48 லட்சம் ரூபாய்க்கு, சின்ன பிளாட் ஒன்று விலைக்கு வருகிறது. பென்ஷன் 54,000. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 2023-ல் போட்ட 30 லட்சம் இருக்கிறது. ஃபிக்ஸட் டெபாசிட்டில் 50 லட்சம். அதில் வருட வட்டி மூன்றரை லட்சம். டெபாசிட்டை உடைத்து அந்த பிளாட்டை வாங்கலாமா?

பதில்: மார்கழிக் கச்சேரிக்காக அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வருகிறவர்களுக்குத்தான் இதுவரை கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதே மாதத்தில் ஊரை விட்டுக் கிளம்புகிறேன் என்று கேட்பவர் நீங்கள்தான் முதல் ஆள். தாராளமாகப் போங்கள். பிளாட் மட்டும் வாங்க வேண்டாம்.

மாத வாடகை 20,000 பாத் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்துக்கு 60,000 பாத். நம் பணத்தில் 1.6 லட்சம். உங்கள் டெபாசிட் வட்டியில் பாதிகூட ஆகாது, அசலிலும் கை வைக்க வேண்டியதில்லை. வாங்கினால் அந்த மூன்றரை லட்சத்தில் பெரும்பகுதி வருடாவருடம் போச்சு. வீடு ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்தாலும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் வருடம் முழுக்க உண்டு. உப்புக்காற்று ஏசியை என்ன பாடு படுத்தும் என்று பெசன்ட் நகரில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாளைக்கு மகனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டால், அங்கே ஒரு குழாய் ஒழுகினாலும் போய்ப் பார்க்க ஆள் இருக்காது.

வீடு வாங்கினால் தங்கும் உரிமையும் சேர்ந்து வரும் என்று புரோக்கர் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியில், மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். விசா வேறு விஷயம். சுற்றுலா விசாவில் 60 நாள். அங்குள்ள குடியேற்ற அலுவலகத்தில் 1,900 பாத் கட்டி இன்னும் 30 நாள் நீட்டிப்புக் கேட்கலாம். ஆக 90. டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 28 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 90 நாள்தான்! ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஓய்வுக்கால விசா இருக்கிறது. அதற்கு 8 லட்சம் பாத்தை அந்த நாட்டு வங்கியில் போட்டுவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்காக 21 லட்சத்தை அங்கே முடக்குவானேன்?

இத்தனை சொன்ன பிறகும் வாங்கியே தீருவேன் என்றால், பணம் அனுப்பும்போது கவனம். வெளிநாட்டில் சொத்து வாங்க ஒருவர் நிதியாண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம், அதில் தடையில்லை. ஆனால் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிக்கும். உங்கள் பெயரில் ஒரே தடவையில் 48 லட்சம் அனுப்பினால் 7.6 லட்சம் அதற்கென்று தனியாக வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கிவிடலாம்தான், அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. அந்த நாட்டில் பத்திரம் பதிவதற்குப் பணம் வெளிநாட்டுக் கரன்சியாக உள்ளே வந்ததற்கான வங்கிச் சான்று கேட்பார்கள். அதனால் மகனின் சம்பளக் கணக்கு வழியாகச் சுற்றிக் கொடுக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வருடத்தில் ஒன்பது மாதம் இங்கே இருப்பதால் நீங்கள் இந்தியாவில் குடியிருப்பவர்தான். அந்த வீட்டை வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் வருடாவருடம் காட்ட வேண்டும். மறந்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போடலாம்.

வாடகைக்குப் போனாலும் ஒரு பயம் உண்டு. வருமானம் ரூபாயில், செலவு பாத்தில். பத்து வருடத்துக்கு முன் இரண்டு ரூபாய்க்குக் கீழே இருந்த பாத், இப்போது இரண்டரையைத் தாண்டிவிட்டது. இன்றைய பட்ஜெட்டை அடுத்த பத்து வருடத்துக்கு நம்ப முடியாது. வாடகையாக இருந்தால் கட்டுப்படியாகாத வருடம் போகாமல் இருந்துவிடலாம்.

முதல் வருடம் ஒரு மாதம் மட்டும் இருந்து பாருங்கள். சமையலறை உள்ள இடமாக எடுங்கள். மீன் சாஸ் சேராத சாப்பாடு அங்கே சுலபத்தில் கிடைக்காது. ‘ஜே’ என்று கேட்டு வாங்கினால் பூண்டு, வெங்காயம்கூட இல்லாத சைவம் தருவார்கள். அந்த ஊரில் அந்தக் காலத்துத் தாய்லாந்து ராஜா கட்டிய அரண்மனைக்கு ‘கவலைக்கு அப்பால்’ என்று அர்த்தம் வரும் பெயர். 1932-ல் அவர் அங்கே ஓய்வில் இருந்தபோதுதான் பாங்காக்கில் புரட்சி வெடித்த செய்தி வந்தது! ராஜாவுக்கு வந்த அவசரம் புரட்சி, உங்கள் வயதில் அவசரம் என்றால் ஆஸ்பத்திரி. இங்கே வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது 90 நாளும் அடங்குகிறதா, ஏற்கனவே இருக்கும் சர்க்கரை, பிரஷருக்கு என்ன விதி என்று பாலிசியை வரிவரியாகப் படியுங்கள். வரும் ஜனவரி முதல் தேதி சேமிப்புத் திட்டத்திலிருந்து 61,500 வட்டி விழும் இல்லையா, அதை அங்கத்திய கைச்செலவுக்கு ஒதுக்கலாம்.

பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றை நவம்பரிலேயே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். முகத்தை போனில் காட்டினாலே போதும். வீட்டுக் காப்பீடு இருந்தால், 30 நாளுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். கார் இருக்கிறதா? மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வண்டியை நிறுத்துகிற ஊர்க்காரர் நீங்கள். சென்னை மழை டிசம்பர் பாதி வரை நீளும். சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.