“இதைப் படித்தால் என்ன தருவீர்கள்?”

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்தே புத்தகமும் கையுமாகத்தான் இருப்பாள். இன்னும் நிறையப் படிக்கட்டுமே என்று ஆறு மாதத்துக்கு முன் ஓர் ஏற்பாடு செய்தேன். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் அவள் கேட்கும் பரிசு. முதல் மாதம் நட்சத்திரங்கள் மளமளவென்று ஏறின. இப்போதோ மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுக்கிறாள். சென்ற வாரம் பாட்டி ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தபோது, “இதைப் படித்தால் என்ன தருவீர்கள்?” என்று கேட்டுவிட்டாள். நான்தான் கெடுத்துவிட்டேனா? நட்சத்திரத்தை நிறுத்தினால் பழைய ஆர்வம் திரும்புமா? வாய்ப்பாடு மனப்பாடம் செய்யவும் இதே முறையைத்தான் வைத்திருக்கிறேன். அதையும் விட்டுவிட வேண்டுமா?
– ஒரு தாய்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மெல்லிய புத்தகமாகத் தேடுகிறாள் என்பதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். அது சோம்பல் அல்ல. முந்நூறு பக்கத்துக்கும் முப்பது பக்கத்துக்கும் ஒரே கூலி என்றால் யாராக இருந்தாலும் முப்பதைத்தான் எடுப்பார்கள். நீங்கள் வகுத்த கணக்கை அவள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். என் மனத்தைத் தைத்தது பாட்டியிடம் அவள் கேட்ட கேள்வி. ஆசையாக நீட்டிய கதைப் புத்தகம் அவள் கண்ணுக்கு ஒரு வேலையாகத் தெரிந்திருக்கிறது.

ஒரு செயலை அதில் கிடைக்கும் இன்பத்துக்காகவே செய்வதை உள்ளார்ந்த ஊக்கம் என்றும், பரிசுக்காகவோ மதிப்பெண்ணுக்காகவோ தண்டனைக்குப் பயந்தோ செய்வதைப் புற ஊக்கம் என்றும் உளவியலார் சொல்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் ஆர்வம் இரட்டிப்பாகும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஏற்கெனவே ஆசையோடு செய்யும் காரியத்தில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பின்னால் வந்தது முன்னால் இருந்ததைத் தின்றுவிடுகிறது.

உங்கள் வீட்டில் நடந்ததை ஏறத்தாழ அப்படியே காட்டிய ஆய்வு ஒன்று 1973இல் வெளிவந்தது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில், தாமாகவே விரும்பி வண்ணப் பேனாவால் படம் வரையும் குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். வயது மூன்று முதல் ஐந்துவரை. ஒரு பிரிவினரிடம், “படம் வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முதலிலேயே சொன்னார்கள். பொன்னிற முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ். இரண்டாம் பிரிவினருக்கும் அதே சான்றிதழ்தான். ஆனால் முன்கூட்டிச் சொல்லவில்லை, வரைந்து முடித்த பிறகே கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, அதே பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று மறைவிலிருந்து கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரு பிரிவினரும் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களின் ஆர்வம் குறையவே இல்லை.

இரண்டாம் பிரிவை நன்றாகக் கவனியுங்கள். சான்றிதழ் என்னும் பொருள் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. “இதைச் செய்தால் அது கிடைக்கும்” என்ற பேரம்தான் செய்தது. தான் ஏன் வரைகிறோம் என்று குழந்தை தன்னையே கேட்டுக்கொள்ளும்போது, முன்பு “பிடித்திருக்கிறது” என்று வந்த விடை இப்போது “சான்றிதழுக்காக” என்று வருகிறது.

இதை நானே ஒரு குழந்தைக்குச் செய்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த நாளில், ஒரு மாணவனின் கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் எறும்புகளாக இருக்கும். வரிசையாகப் போகும் எறும்புகள். ஒன்று சர்க்கரை மணியைத் தூக்கியிருக்கும், இன்னொன்று வரிசை தவறி வகுத்தல் கணக்குக்குள் நுழைந்திருக்கும். எனக்கு ஆசை தாங்கவில்லை. வாரம் ஒரு படம் வரைந்து தந்தால் பரிசு என்று அறிவித்தேன். அவன் நன்றாகத்தான் வரைந்து கொடுத்தான். ஆனால், “எந்த மாதிரிப் படத்துக்குப் பரிசு கிடைக்கும், டீச்சர்?” என்று கேட்கத் தொடங்கினான். அந்த ஆண்டு முடிவதற்குள் நோட்டின் ஓரங்கள் வெறுமையாகிவிட்டன. ஏன் என்று அவனிடம் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இனி, நிறுத்தினால் பழைய ஆர்வம் திரும்புமா என்ற கேள்வி. திரும்பும் என்றே நம்புகிறேன். ஆனால் மறுநாளே எதிர்பார்க்காதீர்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் பத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளியானது. மாலையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்கள் அபராதம் விதித்தன. தாமதம் குறைவதற்குப் பதிலாக ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஆசிரியைகளைக் காக்க வைக்கிறோமே என்றிருந்த கூச்சம், கட்டணம் கட்டிவிட்டோம் என்றதும் போய்விட்டது. சில வாரம் கழித்து அபராதத்தை எடுத்துவிட்டார்கள், தாமதமோ குறையவில்லை. அது அபராதம், அதுவும் பெரியவர்களின் கதை. உங்கள் மகளுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனாலும், விலை ஒட்டிய இடத்தில் அந்தச் சீட்டைக் கிழித்த பிறகும் பசையின் தடம் சில காலம் இருக்கும்.

அதனால் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடாதீர்கள். அது அவளுக்குத் தண்டனையாகத் தோன்றும். இதுவரை சேர்ந்த நட்சத்திரங்கள் பத்துக்கு இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை, பரிசைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுங்கள். “நீ முன்பு ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தாய். நான்தான் நடுவில் நட்சத்திரத்தைக் கொண்டுவந்தேன். அது தேவையில்லை என்று இப்போது தோன்றுகிறது” என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும்.

பிறகு சில வாரம் அவள் படிக்காமலே இருக்கலாம். அப்போது பொறுத்துக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் கடினம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலார் மனித ஊக்கத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். தன் விருப்பப்படி செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, எனக்கு வேண்டியவர்கள் உடன் இருக்கிறார்கள் என்ற உணர்வு ஆகிய மூன்றும்தான் உள்ளார்ந்த ஊக்கத்துக்கு உரம் என்கிறார்கள். ஆகவே எதைப் படிப்பது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். சித்திரக் கதையா, ஏற்கெனவே நான்கு முறை படித்ததா, பாதியில் மூடிவைத்ததா, எதுவானாலும் சரி. நீங்களும் ஒரு புத்தகத்தோடு அவள் பக்கத்தில் உட்காருங்கள், அவளுக்குக் காட்டுவதற்காக அல்லாமல் உண்மையாகவே படிப்பதற்காக.

நட்சத்திரத்துக்குப் பதிலாகப் பாராட்டைப் பொழியலாமா என்று தோன்றும். 128 ஆய்வுகளை ஒன்றாக வைத்து டெசியும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட கட்டுரையில், பாராட்டு கல்லூரி மாணவர்களின் ஆர்வத்தைக் கூட்டியதாகத் தெரிகிறது; சிறுவர்களிடம் அந்தப் பலன் காணப்படவில்லை. இந்த முடிவுகளை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. இருந்தாலும் “பலே, கெட்டிக்காரி” என்று புத்தகத்துக்குப் புத்தகம் சொல்வது இன்னொரு வகை நட்சத்திரமாகிவிடும் என்பது என் எண்ணம்.

வாய்ப்பாடு வேறு விஷயம். அதில் அவளுக்கு முன்பும் ஆசை இல்லை. ஆகவே பரிசு வந்து கெடுக்க அங்கே ஒன்றும் இல்லை. சலிப்பான வேலைகளில் பரிசு ஆர்வத்தைக் குறைப்பதாக அதே ஆய்வுத் தொகுப்பில் தெரியவில்லை. சின்னப் பரிசு சில நாளுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அதைவிட நல்ல வழியும் இருக்கிறது. 1994இல் டெசி குழுவினர் கணினித் திரையில் ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்தும் அலுப்பூட்டும் வேலையைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏன் செய்ய வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லி, இது அலுப்புத்தான் என்று ஒப்புக்கொண்டு, கட்டளையிடாமல் பேசியபோது, அவர்கள் அதைத் தமக்குரிய வேலையாகவே ஏற்றுக்கொண்டார்கள். நீங்களும், “ஏழாம் வாய்ப்பாடு அலுப்புத்தான். அது வந்துவிட்டால் பெரிய பெருக்கலில் நடுவில் நின்று விரல் விட வேண்டியிருக்காது. காலையில் சொல்கிறாயா, மாலையிலா?” என்று கேட்டுப் பாருங்கள்.

பாட்டி கொடுத்த அந்தப் புத்தகத்தை இன்றிரவு நீங்களே எடுத்து முதல் அத்தியாயத்தை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் அடையாளம் வைத்து, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள். மறுநாள் அவள் அதைத் தொடவில்லை என்றால் கேட்காதீர்கள். தொட்டிருந்தாலும் எத்தனை பக்கம் என்று கேட்காதீர்கள். “அப்புறம் என்ன ஆயிற்று? நேற்று அங்கேயே விட்டுவிட்டோமே” என்று மட்டும் கேளுங்கள்.