மூன்று நட்சத்திரம் போதாதா?

கேள்வி: அட்லாண்டாவுக்கு வடக்கே கம்மிங்கில் இருக்கிறோம். மகன் பதினோராம் வகுப்பு. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஆடுகிறான். கல்லூரி அணிகளுக்குப் போகக்கூடிய மாணவர்களுக்கு நட்சத்திரம் போடும் தளம் ஒன்று அவனுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருக்கிறது. அதே அணியில் அவன் நண்பனுக்கு ஐந்து. அந்தப் பையன் வீட்டுக்கு வாரம் ஒரு கோச் வந்து போகிறார், எங்கள் வீட்டு போன் அடிப்பதே இல்லை. சென்னையில் இருக்கும் மாமனார், "விளையும் பயிர் முளையிலே தெரியும்மா, படிக்கச் சொல்லு" என்கிறார். கணவரோ தனி கோச், ஊர் ஊராக முகாம் என்று செலவு செய்தாவது நான்காவது நட்சத்திரத்தை வாங்கிவிட வேண்டும் என்று நிற்கிறார். இந்த நட்சத்திரங்கள் பின்னால் நடக்கப்போவதை உண்மையிலேயே சொல்லுமா? பி.கு.: மகன் சின்ன வயதிலிருந்து சாக்கர் ஆடியவன். இப்போது அணிக்காகப் பந்தைக் காலால் உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கர்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, கடிதத்தின் பாதிப் பதில் உங்கள் பின்குறிப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், மாமனாரும் கணவரும் ஒரே விஷயத்தை நம்புகிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? அந்த நட்சத்திரம் உங்கள் மகனின் தலையெழுத்து என்று இருவருமே நினைக்கிறார்கள். ஒருவர் அதை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார், இன்னொருவர் காசு கொடுத்து மாற்றப் பார்க்கிறார்.

நட்சத்திரம் வெறும் ஜோசியம் என்று சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு ஆசைதான். ஆனால் அது உண்மை இல்லை. 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், ஈ.எஸ்.பி.என். போன்ற தளக்காரர்கள் ஆட்ட வீடியோக்களைப் பார்க்கிறார்கள், முகாம்களில் உயரம், எடை, 40 கஜ ஓட்டம் எல்லாம் அளக்கிறார்கள், எந்தெந்தக் கல்லூரி அந்தப் பையனைக் கூப்பிடுகிறது என்று விசாரிக்கிறார்கள். நாடு முழுக்கப் பத்து லட்சம் மாணவர்கள் ஆடும் விளையாட்டில் ஐந்து நட்சத்திரம் வருடத்துக்கு முப்பது பேருக்குச் சற்று முன்பின்தான். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் முறை வைத்து எடுப்பதை டிராஃப்ட் என்பார்கள். அந்த டிராஃப்டின் முதல் சுற்றில் 32 பேர் எடுக்கப்படுவதை மனதில் வைத்தே 247ஸ்போர்ட்ஸ் அந்த எண்ணிக்கையை வைத்திருக்கிறது. அப்படித் தேறியவர்களில் ஜடேவியன் க்ளௌனி, மைல்ஸ் காரெட், ட்ரெவர் லாரன்ஸ் மூவரும் பிற்பாடு டிராஃப்டில் முதல் ஆளாகவே போனார்கள்.

கல்லூரி அணி என்று எடுத்துக்கொண்டால் கணிப்பு இன்னும் பலமாக நிற்கிறது. 2011 முதல் 2024 வரையிலான பருவங்களில் தேசியப் பட்டம் வென்ற ஒவ்வொரு அணியிலும், சேர்த்துக்கொண்ட பையன்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள். 2023 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டம் நீங்கள் ஜார்ஜியாவில் இருப்பதால் நினைவிருக்கலாம். நட்சத்திரம் குவிந்த ஜார்ஜியா பல்கலைக்கழக அணி, அவ்வளவு இல்லாத டெக்சஸ் கிறிஸ்டியன் அணியை 65–7 என்று துவைத்து எடுத்தது. அன்றைக்கு நான் மூன்றாவது கால் பகுதியிலேயே டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

ஆனால் அன்று ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், யார்? ஸ்டெட்சன் பென்னட். ஸ்காலர்ஷிப் இல்லாமல், "நானும் வரலாமா" என்று கேட்டுச் சேர்கிறவர்களை வாக்-ஆன் என்பார்கள். அவர் அப்படித்தான் 2017ல் ஜார்ஜியாவுக்குள் வந்தார். இடம் கிடைக்காமல் மிசிசிப்பியில் ஒரு ஜூனியர் காலேஜுக்குப் போய், திரும்பி வந்தார். அந்த இறுதி ஆட்டத்தில் நான்கு டச்டவுன் (எதிரணியின் கடைசி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) எறிந்தார், இரண்டைத் தானே ஓடி எடுத்தார். ஐந்து நட்சத்திரப் பையன்கள் நிறைந்த அணியை ஓட்டிச் சென்றவர், யாரும் பெரிதாகக் கூப்பிடாத ஒருவர்.

மாமனாரின் பழமொழியை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். நாற்றங்காலைப் பார்த்ததும் இந்த வருடம் வயல் எப்படி வரும் என்று விவசாயி சொல்லிவிடுவார். அதில் ஒரு நாற்றைப் பிடுங்கிக் கொடுத்து, இது எத்தனை மணி பிடிக்கும் என்று கேட்டால் சிரிப்பார்.

சரி, அப்படியானால் என்.எஃப்.எல்.லில் மூன்று நட்சத்திரக்காரர்கள் இத்தனை பேர் எப்படி? பாட்ரிக் மஹோம்ஸ் டெக்சஸில் வைட்ஹவுஸ் என்ற சிற்றூரில் பேஸ்பாலையும் சேர்த்து ஆடிக்கொண்டிருந்த மூன்று நட்சத்திரப் பையன். இன்று கையில் மூன்று சூப்பர் போல், அதாவது என்.எஃப்.எல். பட்டம். தற்காப்பு ஆட்டத்தில் பேர்போன இருவரில் ஆரன் டொனால்டும் மூன்று. ஜே.ஜே. வாட் இரண்டு. ஜாஷ் ஆலனுக்குப் பள்ளி முடிக்கும்போது பெரிய கல்லூரி எதுவும் இடம் தரவில்லை. ரீட்லி என்ற ஜூனியர் காலேஜில் ஒரு வருடம் ஆடி, வயோமிங் போய், 2018 டிராஃப்டில் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார். இந்தப் பட்டியலைக் காட்டித்தான் பலர் "ரேட்டிங் எல்லாம் சும்மா" என்பார்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

எண்களை நானே போடுகிறேன், விளங்கிக்கொள்ள மட்டும். ஐந்து நட்சத்திரம் 30 பேர், அதில் பாதி தேறினால் 15. மூன்று நட்சத்திரம் 2,000 பேர், அதில் இருபதில் ஒருவர் தேறினால் 100. தொழில்முறை அணிகளில் எண்ணிப் பார்த்தால் மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் கூட்டமாகத் தெரிவார்கள். ஆனாலும் ஐந்து நட்சத்திரப் பையனின் வாய்ப்பு பத்து மடங்கு. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் வருடா வருடம் ஒரே சண்டை நடக்கிறது.

அந்தப் பத்து மடங்கிலும் ஒரு பங்கு திறமைக் கணிப்பு இல்லை. ஐந்து நட்சத்திரப் பையனுக்கு நல்ல கல்லூரி, நல்ல கோச், நல்ல சாப்பாடு, தவறு செய்தாலும் அடுத்த வாரம் மறுபடி ஒரு வாய்ப்பு. 2021 ஜூலையில் மாணவர்கள் தம் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றான பிறகு காசும் சேர்ந்துகொண்டது. பெரிய கல்லூரி ஒன்று ஒரு பையனைக் கூப்பிட்டது தெரிந்தால் அவன் நட்சத்திரமும் ஏறுகிறது. கோச் தளத்தைப் பார்க்கிறார், தளம் கோச்சைப் பார்க்கிறது. மாப்பிள்ளைக்கு அமெரிக்க வரன் வந்துவிட்டது என்று தெரிந்ததும் உள்ளூரில் மதிப்பு கூடுமே, அந்த மாதிரி.

அவ்வளவு இருந்தும் கணிப்பு தவறும். க்வின் யூவர்ஸ் என்ற குவார்ட்டர்பேக்குக்கு 2021ல் எல்லாத் தளங்களையும் சேர்த்துப் பார்க்கும் மதிப்பெண் 1.0000. நூற்றுக்கு நூறு, அதற்கு மேல் போட இடமே இல்லை. டெக்சஸ் பல்கலைக்கழக அணியை இரண்டு முறை அரையிறுதிக்குக் கொண்டுபோனார், கல்லூரியில் அவர் சோடை போகவில்லை. ஆனால் 2025 டிராஃப்டில் ஏழாவது சுற்று வரை காத்திருந்தார். 257 பேரில் 231வது ஆள். பதினேழு வயதுப் பையனின் உடம்பு எப்படி வளரும், எந்தத் தோள்பட்டை எப்போது அடிபடும் என்பதெல்லாம் வீடியோவில் தெரியாது.

இப்போது உங்கள் பின்குறிப்பு.

உங்கள் மகன் கிக்கர். இந்தத் தளங்கள் கிக்கருக்கு மூன்று நட்சத்திரத்துக்கு மேல் போடுவது மிக அபூர்வம். உங்கள் கணவர் நான்காவது நட்சத்திரத்துக்காகச் செலவு செய்ய நினைப்பது, மொட்டை மாடியில் நின்றுகொண்டு இன்னும் ஒரு மாடி ஏறப் படிக்கட்டு தேடுவதற்குச் சமம். அந்த இடத்தில் ஆடுகிறவனுக்கு மூன்று என்பதே நல்ல பெயர். நண்பனின் ஐந்தோடு அதைப் பக்கத்தில் வைக்கவே கூடாது. கிக்கர்களுக்கென்று தனி முகாம்கள் இருக்கின்றன, அவை தமக்கென்று வேறு நட்சத்திரக் கணக்கு வைத்திருக்கின்றன. அங்கே ஐந்து கிடைத்தாலும் இந்த ஐந்தும் அந்த ஐந்தும் ஒன்றில்லை. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கிக்கர் விஷயத்தில் கணிப்பு ஏன் இன்னும் தள்ளாடுகிறது என்றால், பள்ளியில் உதைப்பதும் கல்லூரியில் உதைப்பதும் ஒரே வேலை இல்லை. பள்ளிக் கோல் கம்பங்களுக்கு நடுவே 23 அடி 4 அங்குலம். கல்லூரியில் 18 அடி 6 அங்குலம்தான், கிட்டத்தட்ட ஐந்து அடி குறுகிவிடுகிறது. பள்ளியில் ஃபீல்ட் கோலுக்கு, அதாவது அந்தக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்க, பந்தைச் சின்னக் கட்டையின் மேல் வைத்து உதைக்கலாம், கல்லூரியில் தரையிலிருந்துதான். பாய்ந்து வரும் ஆட்கள் பெரியவர்கள், வேகமானவர்கள். தொண்ணூறாயிரம் பேர் ஊளையிடுவார்கள். ஆகவே மகனிடம் நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுவதை விட்டு, கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு உதைக்கிறானா என்று கேளுங்கள். அவன் அனுப்பும் வீடியோவும் தரையிலிருந்து உதைப்பதாக இருக்கட்டும். கோச் முதலில் பார்ப்பது அதைத்தான்.

உங்கள் ஊர்ப்பக்கத்து உதாரணமே இருக்கிறது. மரியெட்டாவிலிருந்து போன ரோட்ரிகோ பிளாங்கன்ஷிப், கனமான கண்ணாடி போட்ட பையன், 2015ல் ஜார்ஜியாவில் வாக்-ஆன். ஸ்காலர்ஷிப் 2017ல்தான் கிடைத்தது. அடுத்த ஜனவரி ரோஸ் போல் ஆட்டத்தில் 55 கஜத்திலிருந்து உதைத்துப் போட்டார். 2019ல் நாட்டின் சிறந்த கல்லூரிக் கிக்கருக்கான லூ க்ரோசா விருது.

உங்கள் கணவருக்கு இன்னொருவரைச் சொல்லுங்கள், அவர் ஐ.டி.யில் இருப்பார் என்று ஊகிக்கிறேன். டெக்சஸில் ப்ளேனோ ஊர்க்காரர் பிராண்டன் ஆப்ரி, நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஆடியது சாக்கர். கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியதே இல்லை, ஆகவே நட்சத்திரம் பூஜ்யம் கூட இல்லை. சாக்கர் கைகொடுக்காமல் மென்பொருள் பொறியாளராக வேலைக்குப் போனார். டிவியில் ஆட்டம் பார்த்தபோது மனைவி "இதை நீங்களே செய்யலாமே" என்றாராம். 2023ல் டல்லாஸ் கௌபாய்ஸ் அணிக்கு வந்து, முதல் 35 ஃபீல்ட் கோல்களில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. நம் வீடுகளில் எல்லாரும் போகும் பாதையில் அவர் எதிர்த்திசையில் வந்தார்.

ஆப்ரியைக் காட்டி மகனும் அப்படி ஆவான் என்று சொல்ல வரவில்லை. என்.எஃப்.எல்.லில் 32 அணி, அணிக்கு ஒரு கிக்கர். அந்தக் கணக்கில் மாமனார் சொல்லும் "படிக்கச் சொல்லு" என்பதில் தப்பே இல்லை.

செலவு பற்றிக் கேட்டீர்கள். ஊர் ஊராகப் போக வேண்டாம். அவன் போக விரும்பும் நான்கைந்து கல்லூரிகள் ஜூன் மாதத்தில் தங்கள் மைதானத்திலேயே ஒருநாள் முகாம் நடத்தும், அங்கே போகட்டும். தேர்ந்தெடுக்கிற கோச்சே அங்கே எதிரில் நிற்பார். ஒவ்வொரு கல்லூரியிலும் இப்போது எத்தனை கிக்கர்கள், எந்த வருடம் முடிக்கிறார்கள் என்று அணிப் பட்டியலில் பாருங்கள். முதல் வருடத்துப் பையன் ஒருவன் நன்றாக உதைத்துக்கொண்டிருந்தால் மூன்று வருடத்துக்கு அங்கே கதவு மூடியிருக்கும், உங்கள் மகனுக்கு எத்தனை நட்சத்திரம் இருந்தாலும். போன் அடிக்காததற்கும் இதுதான் பெரும்பாலும் காரணம். கிக்கர் அவர்களுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருவர் போதும். இவனே சிறப்பு அணிகளை, அதாவது உதைக்கும் ஆட்டங்களைப் பார்க்கும் கோச்சுக்கு மின்னஞ்சல் எழுதட்டும், அப்பா எழுதக் கூடாது.

வாக்-ஆன் என்றால் ஒரு எச்சரிக்கை. 2025 முதல் பெரிய கல்லூரிகளில் பெரும்பாலானவை அணியில் 105 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. முன்பு சேர்த்துக்கொண்ட அளவுக்கு வாக்-ஆன்களை இனி சேர்க்க மாட்டார்கள். ஆகவே "இடம் உண்டு" என்று யாராவது சொன்னால், அந்த 105க்குள்ளா என்று நேராகக் கேளுங்கள். அப்புறம் படிப்பு: கல்லூரி விளையாட்டின் மேல் தட்டான டிவிஷன் ஒன்றில் ஆட, குறிப்பிட்ட 16 பாடங்களில் நான்குக்குச் சராசரி 2.3 ஆவது வேண்டும். ஐவி லீக், டிவிஷன் மூன்று கல்லூரிகள் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை. ஆனால் நல்ல மதிப்பெண்ணோடு நன்றாக உதைக்கும் பையனை அங்கே வாசலில் வந்து வரவேற்பார்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்தப் பட்டியலைத்தான் முதலில் எடுப்பேன்.

மாமனாருக்கு மகன் உதைக்கும் வீடியோ ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டு, எல்லாரும் கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், இதற்கு எதற்கு ஃபுட்பால் என்று பேர் என்று நிச்சயம் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல அந்த அணியிலேயே தகுதி உள்ள ஒரே அம்மா நீங்கள்தான்.